24 ஸ்வீடனுக்கு, 25 அமெரிக்காவுக்கு: இரு மரபுக் குடும்பத்தின் கிறிஸ்துமஸுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணவர் ஸ்வீடன்காரர், மனைவி அமெரிக்கர். அல்லது மாற்றி. மினசோட்டாவிலும் சிகாகோவிலும் ஸ்டாக்ஹோமிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுமார் 13 லட்சம் ஸ்வீடன் மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். படிப்புக்கும் வேலைக்கும் திருமணத்துக்குமான போக்குவரத்து இன்றும் இருபுறமும் நடக்கிறது. நவம்பர் பிறந்தால் இந்த வீடுகளில் ஒரே பேச்சுதான். பரிசுகளை எந்த நாளில் பிரிப்பது? மரத்தை எப்போது வீட்டுக்குள் கொண்டுவருவது? கிறிஸ்துமஸ் தாத்தா கதவைத் தட்டி வருவாரா, புகைபோக்கி வழியாக இறங்குவாரா?

பலரும் முதலில் செய்வது எல்லாவற்றையும் ஒரே நாளில் கலப்பது. ஊறவைத்த ஹெர்ரிங் மீனுக்குப் பக்கத்தில் வான்கோழி, இரண்டு விதப் பாடல்கள், காலையில் பாதிப் பரிசு, மாலையில் மீதி. இதில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளுக்கும் மனக்குறைதான் மிஞ்சும். அதற்குத் தேவையே இல்லை. ஸ்வீடனின் பெருநாள் டிசம்பர் 24, அமெரிக்காவின் பெருநாள் டிசம்பர் 25. ஒன்று முடிந்த இரவிலேயே மற்றது தொடங்குகிறது. ஆகவே நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாளுக்குள் எதையும் பிரிக்காதீர்கள். 24 முழுக்க ஸ்வீடனுக்கு, 25 முழுக்க அமெரிக்காவுக்கு. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். இரு மரபும் உண்மையிலேயே உரசும் இடங்கள் சிலதான். அவற்றைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: விடுமுறையை முன்பே கேட்டு வாங்குங்கள்

அமெரிக்காவில் டிசம்பர் 25 கூட்டாட்சி அரசின் விடுமுறை, 1870இலேயே சட்டமாகிவிட்டது. ஆனால் 24ஆம் தேதி அங்கே பெரும்பாலோருக்கு வேலை நாள், 26ஆம் தேதியும் அப்படியே. ஸ்வீடனில் 25, 26 இரண்டுமே பொது விடுமுறை. 24ஆம் தேதி சட்டப்படி பொது விடுமுறை இல்லாவிட்டாலும் நாடே அன்று வீட்டில்தான் இருக்கும். எனவே அமெரிக்காவில் வசிப்பவர்கள் 24ஆம் தேதிக்கு அக்டோபரிலேயே விடுப்பு சொல்லிவிட வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பி ஸ்வீடிஷ் கிறிஸ்துமஸ் கொண்டாட முடியாது. அது காலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறும் நாள்.

இன்னொரு கணக்கும் உதவும். அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து உண்ணும் நன்றியறிதல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) நவம்பரின் நான்காவது வியாழன். ஸ்வீடனில் பருவம் தொடங்குவது அட்வென்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட காலத்தின் முதல் ஞாயிறன்று. அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். ஆகவே வியாழனுக்குப் பின் மூன்றாம் நாளிலோ பத்தாம் நாளிலோ அட்வென்ட் வந்துவிடும். மூன்றே நாள் இடைவெளி விழும் ஆண்டுகளில் ஒரே வார இறுதியில் இரண்டு வேலையும் சேரும். வான்கோழி எலும்பில் சூப் கொதிக்கும்போதே ஜன்னலில் நட்சத்திரம் தொங்கவிட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: விளக்குகளும் மரமும்

ஸ்வீடனில் டிசம்பர் என்றால் இருட்டு. ஸ்டாக்ஹோமில் மாதக் கடைசியில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் அவர்களுடைய அலங்காரம் ஜன்னலில்தான் இருக்கிறது: உள்ளே விளக்கு எரியும் காகித நட்சத்திரம், ஏழு சுடர் கொண்ட மின் விளக்குத்தண்டு. இந்த மின் விளக்குத்தண்டை 1930களில் உருவாக்கியவர் கோத்தன்பர்க்கில் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் ஆண்டர்சன். இப்போது மாலையில் எந்த ஸ்வீடிஷ் தெருவில் நடந்தாலும் ஜன்னலுக்கு ஜன்னல் அதுதான் தெரியும். மேசை மீது நான்கு மெழுகுவர்த்திகள் இருக்கும்; முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அமெரிக்க அலங்காரம் வெளியே, கூரை விளிம்பிலும் புல்வெளியிலும் வண்ண வண்ணமாக நடக்கிறது. இரண்டையும் சமரசம் செய்ய வேண்டியதில்லை. ஜன்னல்கள் ஸ்வீடனுக்கு, வீட்டு வெளிப்புறம் அமெரிக்காவுக்கு என்று விட்டுவிடுங்கள். ஜன்னலில் மட்டும் கண் சிமிட்டும் வண்ண விளக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்வீடனில் மின்னழுத்தம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. அங்கிருந்து கொண்டுவந்த விளக்குத்தண்டு அமெரிக்காவில் மங்கலாகத்தான் எரியும். அமெரிக்கச் சரவிளக்கை ஸ்வீடனில் செருகினால் கருகிவிடும், ஆபத்தும்கூட. பேட்டரியில் எரியும் எல்இடி வகையை வாங்குவது நல்லது.

மரம்தான் உரசலுள்ள முதல் இடம். அமெரிக்க வீடுகளில் நன்றியறிதல் நாள் முடிந்த கையோடு மரம் வந்துவிடுகிறது. ஸ்வீடனின் பழைய வழக்கம் 23ஆம் தேதி மாலை மரத்தை உள்ளே கொண்டுவந்து அலங்கரிப்பது. இப்போது அங்கும் பலர் முன்கூட்டியே வைக்கிறார்கள். ஆனால் ஸ்வீடன்காரர்கள் மரத்தை வெளியேற்றுவது ஜனவரி 13ஆம் தேதி. நவம்பர் கடைசியில் வந்த உண்மையான மரம் ஜனவரி நடுவரை ஏழு வாரம் நின்றால் ஊசி இலையெல்லாம் காய்ந்துவிடும். காய்ந்த மரம் தீப்பற்றினால் நொடியில் எரியும். டிசம்பர் 13ஐ ஒட்டிய வார இறுதியில் மரத்தைக் கொண்டுவருவதுதான் என் யோசனை. அடித்தண்டைப் புதிதாக ஓர் அங்குலம் அறுத்து, தினமும் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதம் தாங்கும். அதுவரை காத்திருக்க முடியாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் செயற்கை மரம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொடுக்கலாம். அலங்காரத்தில் தாராளமாகக் கலக்கலாம்: வைக்கோல் ஆடுகள், சரமாகக் கோத்த குட்டிக் கொடிகள், அமெரிக்கப் பாட்டி ஆண்டுக்கு ஒன்றாகத் தந்த கண்ணாடிப் பொருள்கள் எல்லாம் ஒரே மரத்தில் அழகாகவே இருக்கும்.

மூன்றாம் படி: டிசம்பர் 13, லூசியா

புனித லூசியாவின் பெயரில் ஸ்வீடன் கொண்டாடும் இந்த ஒளித் திருநாளுக்கு அமெரிக்க நாட்காட்டியில் போட்டியே இல்லை. அதனால் இரு மரபுக் குடும்பம் மனதாரச் செய்ய வேண்டிய நாள் இது. பழைய ஜூலியன் நாட்காட்டிக் காலத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவாக மக்கள் இதைக் கருதினார்கள். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் சுடர் முடி சூடிய பெண். பின்னால் வெள்ளை உடைத் தோழியரும் நட்சத்திரச் சிறுவர்களும். 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஸ்வீடனின் பண்ணை மாளிகைகளில் இருந்த வழக்கம் இது. 1927இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியாவாக வரும் பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்திய பிறகு நாடெங்கும் பரவியது. அமெரிக்காவிலும் வேர்விட்டிருக்கிறது. மினசோட்டாவின் குஸ்தாவஸ் அடால்ஃபஸ் கல்லூரியில் 1941 முதல் லூசியா விழா நடக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் லிண்ட்ஸ்போர்க்கிலும், இல்லினாயின் பிஷப் ஹில்லிலும் நடக்கிறது.

வீட்டில் செய்வது எளிது. காலை இருட்டில் குழந்தைகள் சுடரோடு பாடிக்கொண்டு படுக்கையறைக்குள் வந்து பெரியவர்களை எழுப்ப வேண்டும். கையில் காப்பியும் குங்குமப்பூ பன்னும். கிரீடத்துக்குப் பேட்டரி விளக்குதான். நிஜ மெழுகுவர்த்தி குழந்தையின் தலையில் வேண்டவே வேண்டாம்.

லுஸ்ஸெகாட் எனப்படும் அந்தப் பன்னுக்கு அளவு இது: பால் அரை லிட்டர், வெண்ணெய் 175 கிராம், சர்க்கரை 180 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, குங்குமப்பூ 1 கிராம், ஈர ஈஸ்ட் 50 கிராம், மைதா ஏறக்குறைய ஒரு கிலோ. ஈர ஈஸ்ட் அமெரிக்கக் கடைகளில் எளிதில் கிடைக்காது. 7 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் இரண்டு போட்டால் சரியாக வரும். முந்தைய நாளே குங்குமப்பூவை ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு உரலில் நுணுக்கி, ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலில் ஊறப்போடுங்கள். நிறமும் மணமும் முழுதாக இறங்கும். இந்தப் பன்னில் எல்லோரும் சொல்லும் குறை, மறுநாளே வறண்டுவிடும் என்பது. அதற்கு மருந்து மாவில் 250 கிராம் குவார்க் சேர்ப்பது. குவார்க் என்பது நீர் வடித்த கெட்டித் தயிர் போன்ற பாலாடைக்கட்டி. மாவு பாத்திரத்திலிருந்து ஒட்டாமல் விடுபடும் பதம் வந்ததும் நிறுத்துங்கள். கூடுதலாக ஒரு கைப்பிடி மைதா போட்டாலே கெடும். முக்கால் மணி நேரம் உப்பவிட்டு, கயிறாக உருட்டி, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்ந்த திராட்சை. அரை மணி நேரம் மீண்டும் உப்பியதும் அடித்த முட்டை பூசி, 225 டிகிரி செல்சியஸில், அமெரிக்க ஓவனில் 435 டிகிரி ஃபாரன்ஹீட்டில், எட்டு நிமிடம் போதும். முப்பதுக்கு மேல் வரும். அன்றைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஆறியவுடன் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: பரிசு, தாத்தா

குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் மிகப் பெரிய சிக்கல். ஸ்வீடனின் கிறிஸ்துமஸ் தாத்தாவான யூல்தொம்தெ 24ஆம் தேதி மாலை நேரில் வருவார். கதவைத் தட்டி, “இங்கே நல்ல பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்பார், கையாலேயே பரிசுகளைக் கொடுப்பார். அவர் வருவதற்குச் சற்று முன்னால் அப்பாவோ மாமாவோ செய்தித்தாள் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போயிருப்பார். அமெரிக்க சாண்டா கிளாஸ் யார் கண்ணிலும் படாமல் 24 இரவு எல்லோரும் தூங்கியபின் வந்து காலுறைகளை நிரப்பிவிட்டுப் போவார். இருவரும் ஒருவரே என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அடுத்த நொடியே கேள்வி வரும்: சற்று முன்தானே கதவு வழியாக வந்தார், மறுபடியும் எதற்குப் புகைபோக்கி?

இரண்டு பேர் என்றே சொல்லுங்கள். வரலாறும் உங்கள் பக்கம்தான். தொம்தெ பண்ணை வீட்டைக் காவல் காக்கும் சிறு உருவம். தொம்தெ பரிசு கொண்டுவரத் தொடங்கும் முன்பு ஸ்வீடனில் அந்த வேலையைச் செய்தது வைக்கோல் ஆடு. யென்னி நிஸ்ட்ரோம் 1880களிலிருந்து வரைந்த படங்கள்தான் தொம்தெயைக் கிறிஸ்துமஸின் சிவப்புக் குல்லாய்க்காரராக்கின. அமெரிக்க சாண்டாவின் கலைமான் வண்டியும் புகைபோக்கியும் 1823இல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரப் பத்திரிகையில் வந்த ஒரு கவிதையால் நிலைபெற்றவை. ஆனால் 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்களுக்காக அந்தச் சிரித்த முகச் சாண்டாவை வரைந்த ஹாடன் சன்ட்ப்ளோம் யார் தெரியுமா? ஸ்வீடிஷ் பேசும் குடியேறிகளுக்கு மிச்சிகனில் பிறந்தவர். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். இரண்டு தாத்தாக்களும் தூரத்து உறவுக்காரர்கள் என்று குழந்தைகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

பரிசுகளை இப்படிப் பிரியுங்கள். குடும்பத்தார் ஒருவருக்கொருவர் தரும் பொதிகள் எல்லாம் 24 மாலை தொம்தெயின் கோணியில். காலுறைக்குள் இருக்கும் சிறு பொருள்களும், குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் பெரிய பரிசும் 25 காலை சாண்டாவிடமிருந்து. மொத்த எண்ணிக்கை கூடக் கூடாது. இதை இரண்டு பக்கத்துப் பாட்டிகளிடமும் நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நாளும் முழு அளவில் பரிசு வந்து குவியும்.

24ஆம் தேதிப் பொதிகளில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அரக்கும் பாட்டும். பழைய ஸ்வீடிஷ் முறையில் பொதியைச் சுற்றி நூல் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கைச் சொட்டவிட்டு முத்திரை இடுவார்கள். மேலே ஒட்டிய சீட்டில் எதுகையோடு இரண்டு வரிகள். உள்ளே என்ன என்பதை விடுகதையாகச் சொல்ல வேண்டும், பெயரைச் சொல்லிவிடக் கூடாது. கையுறைப் பொதி என்றால், “ஐவருக்கு அறை உண்டு, வாசலோ ஒன்று, பனி வந்தால் இவ்வீட்டில் குடியிருப்பார் நின்று” என்பது போல. பெறுபவர் உரக்கப் படித்து, ஊகம் சொல்லி, பிறகுதான் பிரிக்க வேண்டும். ஒரு பொதி பிரிய ஐந்து நிமிடமாகும். அந்த நிதானம்தான் ஸ்வீடிஷ் மாலையின் உயிர். எல்லோரும் ஒரே சமயத்தில் காகிதம் கிழிக்கும் ஆரவாரத்துக்கு மறுநாள் காலை இருக்கிறது.

ஐந்தாம் படி: 24ஆம் தேதி

காலையில் அரிசியைப் பாலில் குழைய வேகவைத்த கஞ்சி, மேலே லவங்கப்பட்டைத் தூள். உள்ளே ஒரு பாதாம் பருப்பை ஒளித்துவைப்பார்கள். அது கிடைத்தவருக்கு அடுத்த ஆண்டு திருமணம் என்று நம்பிக்கை. தொம்தெக்காகவும் ஒரு கிண்ணம் எடுத்து வாசற்படியில் வையுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்வீடனே தொலைக்காட்சி முன் உட்காரும். கல்லே அங்கா, அதாவது டொனால்ட் டக், தன் நண்பர்களோடு வாழ்த்துச் சொல்லும் நிகழ்ச்சி 1960 முதல் அங்கே ஒளிபரப்பாகிறது. இது 1958இல் அமெரிக்காவில் வெளியான டிஸ்னி நிகழ்ச்சி. அமெரிக்கர்கள் அதை மறந்தே போனார்கள். ஸ்வீடனில் சாப்பாட்டு நேரத்தைக்கூட அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்கத் துணைவர் இதைக் குழந்தைத்தனம் என்று நினைத்து அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் உருட்டக் கூடாது. பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நேரக் கணக்கு: ஸ்டாக்ஹோமின் மூன்று மணி நியூயார்க்கில் காலை ஒன்பது, மினியாபொலிஸில் எட்டு. ஸ்வீடன் பாட்டியோடு வீடியோவில் பேச வேண்டுமானால் அதற்கு முன்போ, ஒரு மணி நேரம் கழிந்தோ அழையுங்கள்.

பிறகு யூல்பூர்ட், கிறிஸ்துமஸ் மேசை. இதற்கு வரிசை உண்டு, அதை விருந்தாளிகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விருந்தாளிகள் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிரப்பிக்கொள்வார்கள். ஹெர்ரிங்கின் புளிப்புச் சாறு இறைச்சி உருண்டையில் ஓடும். முதல் சுற்று ஹெர்ரிங் வகைகளும் வேகவைத்த உருளைக்கிழங்கும். இரண்டாவது சுற்று உப்பும் சர்க்கரையும் பூசிப் பதப்படுத்திய சால்மன், முட்டை. மூன்றாவது ஹாமும் (உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை) குளிர்ந்த இறைச்சிகளும். நான்காவது சூடான பதார்த்தங்கள்: இறைச்சி உருண்டை, குட்டி சாசேஜ், சிவப்பு முட்டைக்கோஸ், யான்ஸன்ஸ் ஃப்ரெஸ்டெல்ஸெ என்ற உருளைக்கிழங்கு, மீன், கிரீம் சேர்த்து ஓவனில் சுட்ட பதார்த்தம். கடைசியாக இனிப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு. குடிக்க யூல்முஸ்ட் என்ற கறுப்பு மால்ட் பானம். பெரியவர்களுக்குக் கிளோக், அதாவது ஏலக்காயும் கிராம்பும் பட்டையும் போட்டுச் சூடாக்கிய ஒயின், கோப்பைக்குள் திராட்சையும் தோல் உரித்த பாதாமும். ஸ்வீடனில் மதுக்கடைகள் அரசுடையவை. ஞாயிறும் பண்டிகை நாள்களும் மூடியிருக்கும், ஆகவே முன்பே வாங்குங்கள்.

யான்ஸன்ஸ் செய்யும்போது மீன் விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்வீடிஷ் டப்பாவில் இருப்பது சர்க்கரையும் மசாலாவும் சேர்த்து ஊறவைத்த ஸ்ப்ராட் மீன். அமெரிக்கக் கடையின் ஆன்சோவி வெறும் உப்பு. அதைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஸ்வீடிஷ் பொருள் விற்கும் கடையில் தேடி வாங்குங்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தீக்குச்சி பருமனில் நறுக்கி, வதக்கிய வெங்காயம், இரண்டு டப்பா மீன், டப்பாவின் சாறு கொஞ்சம், அரை லிட்டர் வரை கிரீம், மேலே ரொட்டித்தூளும் வெண்ணெயும். 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம்.

ஹாம்தான் மேசையின் நாயகன். ஸ்வீடனில் உப்பில் ஊறிய, புகை காட்டாத பச்சைத் தொடையை வாங்கி, உள்வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் வரும் வரை வேகவைப்பார்கள். அமெரிக்காவில் கிடைப்பது பெரும்பாலும் புகையூட்டிச் சமைத்த ஹாம். புகை இல்லாததை இறைச்சிக் கடையில் முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்க வேண்டும். வெந்ததும் தோலை உரித்து, வெள்ளைக் கொழுப்பு மெல்லிய படலமாக நிற்கும்படி சீவுங்கள். ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து கொழுப்பின் மேல் தடவி, ரொட்டித்தூளைத் தூவி, 225 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம். மேலே பொன் நிறத்தில் சொரசொரப்பான ஓடு பிடிக்கும். அன்னாசியும் பழுப்புச் சர்க்கரையும் இங்கே வேண்டாம். வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்; அதைச் சூடாக்கி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது அவர்களுடைய பழைய வழக்கம்.

சோடா போன்ற காரக் கரைசலில் ஊறவைத்துப் பின் நீரில் அலசிய லூட்ஃபிஸ்க் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய ஸ்வீடன் இளைஞர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. மினசோட்டாவின் தேவாலய விருந்துகளில் இன்னும் பெரிய தட்டுகளில் பரிமாறுகிறார்கள். அமெரிக்கப் பக்கத்துக் குடும்பமே பழைய ஸ்வீடன் வழி வந்ததாக இருந்தால், அதை மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். சிறிதளவு செய்து வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் தொம்தெ, பொதிகள், கைகோத்து மரத்தைச் சுற்றி ஆட்டம். மரத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இருந்தால்தான் இது நடக்கும்; நிறுத்தும்போதே இடம் விடுங்கள். எல்லாம் முடிந்து குழந்தைகள் படுக்கப் போகும்முன் காலுறைகளைத் தொங்கவிட்டு, சாண்டாவுக்குப் பாலும் பிஸ்கட்டும் வைக்கட்டும். பெப்பர்காகோர் என்ற மெல்லிய இஞ்சி பிஸ்கட்டையே வைக்கலாம்.

ஆறாம் படி: 25ஆம் தேதி

இங்கே இன்னொரு உரசல். ஸ்வீடனில் 25 விடியற்காலையில் யூலோட்டா வழிபாடு. அமெரிக்கக் குழந்தை அதே நேரத்தில் காலுறையைத் தேடி ஓடும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் தேவாலயத்துக்கு 24 இரவு வழிபாட்டுக்குப் போங்கள், காலையைக் குழந்தைகளுக்கு விடுங்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் யூலோட்டாவுக்குத் திரும்பலாம். இருட்டில் போய் வெளிச்சத்தில் திரும்பும் அந்த வழிபாடு இழக்கக் கூடாதது.

மற்றபடி இந்த நாள் முழுக்க அமெரிக்காவுக்கு. இரவு உடையிலேயே பரிசு பிரிப்பது, லவங்கப்பட்டை ரோல், நண்பகல் வரை யாரும் குளிக்காமல் இருப்பது. ஸ்வீடனில் 25 அமைதியான நாள் என்பதால் அங்கிருந்து வந்த மாமியார் மாமனார் திகைக்கக்கூடும். அவர்களுக்கும் பெயர் தைத்த காலுறை ஒன்று தொங்கட்டும். விருந்தில் ஹாம் வேண்டாம், முதல் நாளே ஆகிவிட்டது. வான்கோழியோ வாட்டிய மாட்டிறைச்சியோ செய்து, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். அளவைக் குறைத்தே செய்யுங்கள்.

ஏழாம் படி: ஜனவரி 13 வரை

மீந்த ஹாமைத் துண்டுபோட்டுப் பட்டாணி சூப்பில் சேர்க்கலாம். எலும்பும் அதற்கே ஆகும். அமெரிக்க வழக்கப்படி புத்தாண்டோடு வெளிப்புற விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். மரமும் ஜன்னலும் ஜனவரி 13, க்னூட் நாள் வரை இருக்கட்டும். அன்று குழந்தைகளின் நண்பர்களை அழையுங்கள். மரத்தில் தொங்கும் மிட்டாய்களைப் பறித்து, கடைசியாக ஒருமுறை சுற்றி ஆடி, டிசம்பரில் கட்டிய இஞ்சி பிஸ்கட் வீட்டை உடைத்துத் தின்று, மரத்தை வெளியே எறிவார்கள். அமெரிக்க நகராட்சிகள் பலவற்றில் மரம் சேகரிக்கும் வண்டி ஜனவரி முதல் இரண்டு வாரங்களோடு நின்றுவிடும்; கடைசித் தேதியை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறிப்போனால் உரக்கிடங்குக்கு நீங்களே காரில் ஏற்றிப் போக வேண்டும்; ஊசி இலை இருக்கையில் உதிராமலிருக்க ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.